ஃப்ளோரினைக் கடைசியில் அளந்தவன்

"காபி வேண்டாம் சார். வெறும் வயித்துல குடிச்சா நெஞ்சு கரிக்கும். எங்க விட்டேன்?"

"அளக்கிற வரிசை," என்றார் விசாரணை அதிகாரி.

ஆமாம், வரிசை. ஹைட்ரஜனில் ஓடும் எரிபொருள் செல்லின் மின்முனை என்பது ஒரு கறுப்புப் பூச்சு. அதைப் பிடித்துவைத்திருப்பது மெல்லிய பாலிமர் படலம். அந்தப் படலம் கெட்டால் செல் கெட்டது. மின்முனையின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, அங்கிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களை வைத்துப் படலம் எப்படி இருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை. இதில் ஒரு சங்கடம் உண்டு. பார்க்கிற எக்ஸ்ரேயே பாலிமரைத் தின்னும். முதலில் போவது அதிலுள்ள ஃப்ளோரின்; அது குறைந்தால் படலம் கெட்டது என்று கணக்கு. அதனால் அதை முதல் ஐந்து நிமிடத்தில் அளந்துவிட வேண்டும். புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம் இது.

மாப்பிள்ளையின் மாதிரிகளில் மட்டும் கடைசியில் அளந்தேன். ஆறு மணி நேரம் கழித்து.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவன். எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே மின்முனை செய்பவன். நல்ல மின்முனை; அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அது என் அளவீட்டில் தேறினால் அவனுக்குத் தலைமை ஆலைக்கு மாற்றல், இரண்டு நாள் ரயில் பயணம். தங்கையும் போய்விடுவாள். அம்மா போனபிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவன் நான். கல்யாணம் செய்து கொடுத்தபோதும் அடுத்த தெருவில்தான் கொடுத்தேன்.

"என்ன மச்சான், மறுபடியும் ஃப்ளோரினக் காணோமா? உங்க மெஷினுக்கு என்மேல அப்படி என்ன கோவம்?"

"மெஷினுக்கு மாப்பிள்ளை மரியாதையெல்லாம் தெரியாதுப்பா."

சிரித்தான். நான்கு மாதிரிகள் கொடுத்தான், நான்கு முறையும் நம்பினான். நான் ஓர் எண்ணைக்கூடத் திருத்தவில்லை. எல்லாம் கருவி கொடுத்தவை.

இல்லாத குறையைத் தேடி அவன் செல்லை வதைக்க ஆரம்பித்தான். வெப்பத்தைக் கூட்டினான், ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டினான். எல்லை தாண்டினால் வாயுவைத் தானாக அடைக்கும் வால்வு ஒன்று உண்டு. அது ஒவ்வொரு தடவையும் சோதனையைப் பாதியில் நிறுத்தியது.

"இந்த வால்வு உயிரை எடுக்குது மச்சான். கழட்டிடவா?"

செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. அவனுக்கு நாலு நாளாகத் தூங்காத கண்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கூடத்தில் தரை துடைப்பவருக்குக்கூடத் தெரியும்.

"கழட்டிட்டு ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாரு," என்றேன்.

பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கனமான கதவு. ஆனாலும் வெடிச் சத்தம் கேட்டது.

அவனுடைய பூச்சுக் கலவையில்தான் கோளாறு என்று தங்கை நினைக்கிறாள். அப்படி நினைப்பது அவளுக்கும் நல்லது; விதி என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள், அவளுடைய பழைய அறையில். நேற்றுதான் நாலு வாய் சாப்பிட்டாள். வெளியே பெஞ்சில் எனக்காகக் காத்திருக்கிறாள்.

"எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன் சார். இதை அவகிட்ட மட்டும் காட்டாதீங்க. பாவம், அவளுக்கு இப்போ என்னை விட்டா யாருமில்ல."