மேட்டுக்கு முன்பக்கம் எது?

இரண்டு ஊர்க் கூச்சலுக்கு நடுவிலும் கண்ணயரும் ஆற்றல் பெற்ற எங்கள் நகரத் தலைவர் அவர்களே! கோயில் பூசகர் அவர்களே! சதுரக்கரைச் சான்றோர்களே, வட்டக்கரைச் சான்றோர்களே! முணுமுணுக்காதீர்கள், சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் வரிசையை முடிவு செய்தேன். முகத்தைவிட முதுகால் நான் நன்கறிந்த தாய்மார்களே! பல்லக்குத் தூக்கக் கச்சை கட்டி வந்து, தூக்காமல் நிற்கும் இளஞ்சிங்கங்களே! சதுரமும் வட்டமும் சேரும் மேட்டின் இடுப்பருகே பொதுக் குளியல்கூடம் நடத்தும் கினுயேயின் பணிவான வணக்கம்.

ஏன் நிற்கிறது பல்லக்கு? சாமிக்குக் கால்வலியா? இல்லை! தண்டின் முன்பாதியை எந்த ஊர் பிடிப்பது என்ற வழக்கு! தனியாகத் தூக்க இரண்டு ஊரிலுமே ஆளில்லை. இன்றும் கிளம்பாவிட்டால் நாளைக் காலை அருங்காட்சியகத்து லாரி வரும், நம் சாமியின் பல்லக்கு கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். சம்மதமா உங்களுக்கு? எனக்குச் சம்மதமில்லை!

எழுத்து இம்மண்ணுக்கு வருமுன்பே எழுந்த கல்லறை மேடு இது! உள்ளே உறங்கும் மன்னன் யார்? மேடு சொல்லவில்லை. புத்த சமயம் வந்தது, மேடு இருந்தது. போர்க்காலத் தளபதி உச்சியில் கோட்டை கட்டினான். கோட்டை எரிந்தது, மேடு இருந்தது. எடோ காலத்து உழவர்கள் இதன் அகழியை ஏரியாக்கி நெல் வளர்த்தார்கள். ஷோவா காலத்துப் போரில் நம் வீட்டார் இதன் சரிவில் சர்க்கரைவள்ளி நட்டுப் பசியாறினார்கள். ஹெய்ஸெய் போனது, ரெய்வா வந்தது. காலத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, மேடு இருந்துகொண்டே இருக்கிறது!

இடையில் வந்தது ஒரு வினை. இப்படி ஒருமுனை சதுரமாகவும் மறுமுனை வட்டமாகவும் உள்ள மேடுகளைப் பார்த்த எடோ காலப் பண்டிதர் ஒருவர், சதுர முனை மாடு பூட்டும் பக்கமாக, ஒரு வண்டி போலிருக்கிறதே என்று நினைத்தார். 'முன்னே சதுரம், பின்னே வட்டம்' என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் 'பின்னே' இருக்கிறதே, அது நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது.

என் குளியல்கூடத்தையும் விட்டதா? ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் தெரிய உயரத்தில் உட்கார்ந்து காசு வாங்குகிறவள் நான், என் காதுக்குத் தப்பாது. ஒருநாள் சதுரக்கரை நாவிதர் நிஷியோகா ஆரம்பித்தார்.

"யோவ் தோமிதா, பின்பக்கத்துக்காரன் பின்னாடி போய் உக்காருய்யா!"

வட்டக்கரைத் தோமிதா விடுவாரா?

"ராசா படுத்திருக்கிறது எங்க வட்டத்துல. தலை இருக்கிற பக்கம்தான்யா முன்பக்கம்!"

"தலையை வெச்சாரா காலை வெச்சாரா, நீ போய்ப் பாத்தியா?"

நான் மேலிருந்து சொன்னேன்: "ரெண்டு பேரும் அம்மணமா நிக்கிறீங்க. முன்பக்கம் பின்பக்கம்னு பேசுற நேரமா இது?"

சிரிக்கிறீர்கள்! அன்று அவர்கள் சிரிக்கவில்லை. மறுநாளே ஊருக்கொரு பெஞ்சு போட வேண்டியதாயிற்று.

சென்ற இலையுதிர் காலத்தில் மேட்டைச் சுற்றித் தோண்டிப் பார்க்கத் தொல்லியல் ஆய்வாளர் மிஸுகி வந்தாள்.

"கினுயே அக்கா, உங்க விறகுக் கொட்டகையைப் பிரிச்சுத் தருவீங்களா? அடியில ஏதாவது கிடைச்சா, திரும்ப அங்க கட்ட முடியாது."

"விறகு நனைஞ்சா ஊரே குளிர்ல நடுங்கும்மா."

சொல்லிவிட்டேனே தவிர, மனம் கேட்கவில்லை. பிரித்துக் கொடுத்தேன். வந்தது என்ன? ஒரு தாய்ப்பறவை, அதன் பின்னால் குஞ்சுகள், எல்லாம் சுட்ட மண்ணில் செய்த நீர்ப்பறவைகள்! நிஷியோகாவும் தோமிதாவும் குழியோரம் ஓடிவந்து ஒரே மூச்சில் கேட்டார்கள்: "எந்தப் பக்கம் பாக்குது?"

"ரெண்டு பக்கமும் இல்லீங்க," என்றாள் மிஸுகி. "மேட்டோட இடுப்பைப் பாத்து நிக்குது. இங்கதான் படையல் வெச்சிருக்காங்க போல. முன்பக்கம்னு ஒண்ணு இருந்தா, அது அக்காவோட விறகுக் கொட்டகைதான்!"

தோழர்களே! என் கொட்டகை போயிற்று. ஆனால் விறகு நனைந்ததா? பாதியைச் சதுரக்கரைக் களஞ்சியத்திலும் பாதியை வட்டக்கரைக் களஞ்சியத்திலும் நீங்களே அடுக்கினீர்கள்! யார் முன், யார் பின் என்று அன்று யாரும் கேட்கவில்லையே! அந்தக் கைகள்தானே இந்தக் கைகள்? அந்தத் தோள்கள்தானே இந்தத் தோள்கள்?

அப்படியானால் கேளுங்கள்! பல்லக்குக்குத் தண்டுகள் இரண்டு. அவற்றை முன்பாதி, பின்பாதி என்று ஏன் பிரிக்கிறீர்கள்? இடத்தண்டு முழுவதும் சதுரக்கரைக்கு! வலத்தண்டு முழுவதும் வட்டக்கரைக்கு! ஒருவர் தாழ்ந்தால் பல்லக்கே சாயும், ஒருவர் உயர்ந்தால் மற்றவரும் உயர்ந்தே ஆக வேண்டும்!

என்ன, நிஷியோகா? "வலது அவனுக்கா"வா? திரும்பி வரும்போது தண்டு மாற்றிக்கொள்ளுங்கள் ஐயா!

ஆஹா, எழுந்துவிட்டாரே! தோமிதா, நீங்கள் அந்தப் பக்கம். பிள்ளைகளே, தோள் கொடுங்கள்! இரவு வெந்நீர் கொதிக்கும், இரண்டு பெஞ்சையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டுவிட்டேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, இப்போது தூக்கும் தோள்களுக்குக் கோடி நன்றி. எல்லோரும் ஒரே குரலில் தூக்குங்கள், வாஷ்ஷோய்! வாஷ்ஷோய்!

நகரத் தலைவர் அவர்களே, எழுந்திருங்கள். பல்லக்கு எழுந்துவிட்டது. வணக்கம்!