பெங்களூர் போய் வந்த ரத்தம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலக்கரை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். முக்காடு போட்டிருந்த அக்காவின் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது.

"என் ரத்தம் டெஸ்டுக்குப் பெங்களூர் வரைக்கும் போயிட்டு வந்துருச்சு. நான் இங்க பக்கத்துல இருக்குற முக்கொம்பைத் தாண்டுனதில்ல," என்றார் அக்கா.

"ரிப்போர்ட்ல என்னதான் போட்டிருக்கு லாத்தா?" என்று அக்காவிடம் கேட்டார் தங்கை.

"மார்புல வந்த கேன்சர் எலும்புக்குப் போச்சுல்ல, அதோட ஜீன் இப்ப மாறிடுச்சாம். ரத்தத்துலயே தெரியுதாம். பழைய மாத்திரைக்கு இனிமே கேக்காதாம்."

"வேற மாத்திரை இருக்குல்ல?"

"இருக்கு. கொஞ்ச நாளைக்குக் கட்டுப்படுத்துமாம். குணமாகுமான்னு கேட்டேன். டாக்டரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குவைத்துக்கு போன் போட்டு மச்சான்கிட்ட என்ன சொல்றது?"

"மாத்திரையை மாத்தியிருக்காங்கன்னு மட்டும் சொல்லு. மத்ததைச் சொன்னா அந்த மனுஷன் வேலையை விட்டுட்டுக் கிளம்பி வந்துருவாரு."

"வரட்டுமே லாத்தா."

அக்கா மடியிலிருந்த ஃபைலை மூடினார். பாலக்கரையில் இறங்குவதற்குக் கம்பியைப் பிடித்து எழுந்தபோதுதான் சொன்னார்.

"சரி, வரச் சொல்லு."