என்ன முறை என்று கேட்டார்கள்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நம் முன்னாள் தலைமையாசிரியை திருமதி ஃபோத்தினி அவர்களே! காலையில் கோயிலில் ஆர்கிரிசுக்காக மன்றாடிவிட்டு, சாம்பிராணி வாசனை மாறாத அங்கியோடு மேடைக்கு வந்திருக்கும் லாம்ப்ரோஸ் பாதிரியார் அவர்களே! கார்தித்சாவிலிருந்து பேருந்து ஏறி வந்து, கறுப்புடுத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னாரின் ஒரே உடன்பிறப்பு எவாந்தியா அவர்களே! அவரிடம் பழைய கிரேக்க மொழி படித்து, பாதி மறந்து, இன்று பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! நம் ஊர் வழக்கப்படி சொல்கிறேன், இருக்கிற எல்லோருக்கும் ஆயுள் பெருகட்டும்!

நாற்பதாம் நாள் இது. பின்னால் மேசையில் அவித்த கோதுமை இருக்கிறது. சர்க்கரையும் மாதுளை முத்தும் போட்டு எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டமாத்தியா அக்கா செய்தது. காப்பியும் இருக்கிறது, பிராந்தியும் இருக்கிறது. அதற்கு முன் என் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்பது உங்கள் விதி.

ஆர்கிரிஸ் கராநாசியோஸ்! மொழியாசிரியர் ஆர்கிரிஸ்! இந்த மண்டபத்தில் அவர் குரல் கேட்காத மூலை உண்டா? இந்த ஊரில் அவர் திருத்தாத பிழை உண்டா? கசாப்புக்கடைப் பலகையில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்காக ஒரு வாரம் இறைச்சி வாங்காமல் இருந்தவர் அல்லவா அவர்! அந்த மனிதரைப் பற்றிப் பேச ஒரு கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'நண்பர்' என்று போட்டிருக்கிறீர்கள். நம் மொழியில், 'ஃபிலோஸ்'. அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எனக்கு வேறு பேச்சு வராது.

ஊருக்கு வடக்கே இருக்கும் மேட்டை நாம் எல்லோரும் 'அண்ணன் தம்பி மேடு' என்கிறோம். நகராட்சிப் பலகையும் அப்படித்தான் சொல்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆர்கிரிஸ் தம் வகுப்பை அங்கே நடத்திக்கொண்டு போவார், மேட்டின் மேல் நின்று ஒரு பழம்பாட்டிலிருந்து கதை சொல்வார். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இரங்கல் கூட்டத்தில் தெரிந்ததைத்தானே சொல்ல முடிகிறது?

எவ்ரிமாஸ், கிளீதோர் என்று இரண்டு வீரர்கள். ஒரே கூடாரம், ஒரே தட்டு. எவ்ரிமாஸ் போரில் விழுந்தான். கிளீதோர் உடலை யாரையும் தொட விடவில்லை. உண்ணவில்லை, குளிக்கவில்லை. தன் முடியை அறுத்துச் சிதையில் போட்டான். எலும்பைப் பொறுக்கித் தாழியில் இட்டு, "நான் செத்தா என் எலும்பையும் இதுக்குள்ளயே போடுங்க" என்றான். அப்போது எவ்ரிமாசின் தகப்பன் வீட்டார் வந்தார்கள். "எலும்பு எங்க பிள்ளையோடது. நீ அவனுக்கு என்ன முறை?" என்று கேட்டார்கள். கிளீதோர் ஒரே சொல் சொன்னான்: ஃபிலோஸ்.

கதை அங்கேயே நின்றுவிடுகிறது. எலும்பு யாருக்குக் கிடைத்தது? ஒரு தாழியா, இரண்டு தாழியா? யாருக்கும் தெரியாது. தாழி புதைந்திருக்கும் மேட்டை இன்னும் யாரும் தோண்டவில்லை.

ஆண்டுதோறும் ஒரு பையன் கேட்பான். ஆண்டுதோறும் வகுப்பு சிரிக்கும். இங்கே மூன்றாவது வரிசையில் தொந்தியோடு உட்கார்ந்திருக்கும் மருந்துக்கடைக்காரரும் ஒரு காலத்தில் கேட்டவர்தான். "சார், அவங்க ரெண்டு பேரும் வெறும் ஃப்ரெண்ட்ஸா, இல்ல...?"

"வெறும்னு ஒரு சொல்லு போட்டியே, அதை அந்தப் பாட்டுல எங்க பார்த்தே? காட்டு" என்பார் ஆர்கிரிஸ்.

"அப்ப என்னதான் சார் அர்த்தம்?"

"அந்தக் காலத்து வீரன் தன் கையை என்ன சொல்லிக் கூப்பிடுவான்? ஃபிலோஸ். தன் முழங்காலை? ஃபிலோஸ். தன் நெஞ்சை? அதுவும் ஃபிலோஸ். நண்பன்னும் அர்த்தம், பிரியமானவன்னும் அர்த்தம், என்னோடதுன்னும் அர்த்தம். என்ன முறைன்னு கேட்டவங்களுக்கு அவன் ஒரு முறையும் சொல்லலடா. என் கைக்கு நான் என்ன முறைன்னு திருப்பிக் கேட்டான்."

அவ்வளவுதான் அவருடைய விளக்கம். அவர்கள் காதலர்கள் என்று அவர் எந்தப் பையனிடமும் அடித்துச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. கதை கூடாரத்தின் திரையை விலக்கிக் காட்டவில்லை, நான் ஏன் விலக்க வேண்டும் என்பார். ஆனால் யாராவது அந்தச் சொல்லைச் சுருக்கினால் விடமாட்டார்.

சுருக்க வந்தவர்கள் கொஞ்சமா? லாரிசாவிலிருந்து ஒரு பள்ளி ஆய்வாளர் வந்தார். "எதுக்கு இந்த வம்பு? பேசாம அண்ணன் தம்பின்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றார். "தாராளமா சொல்றேன் ஐயா. அம்மா பேர் என்னன்னு பசங்க கேப்பாங்க. உங்க அம்மா பேரைச் சொல்லவா?" என்றார் ஆர்கிரிஸ். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

நம் பாதிரியாரும் விட்டாரா? காப்பிக்கடையில் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டே சண்டை போடுவார். "நல்ல நட்பை ஏம்ப்பா அழுக்காக்குறே? அதுல ஏன் வேற எதையோ சேர்க்குறே?" என்பார். ஆர்கிரிஸ் கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "நான் எதையும் சேர்க்கலை சாமி. நீங்கதான் கழிக்கிறீங்க." அந்த ஆட்டத்தில் பாதிரியார்தான் ஜெயித்தார். தலையாட்டுகிறார், பாருங்கள். அதில் மட்டும் அவருக்கு நல்ல ஞாபகம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டு வாசலில் இரண்டு அழைப்புமணிகள் உண்டு. மேலே உள்ளதில் என் பெயர், கீழே உள்ளதில் அவர் பெயர். மேல்மணிக்குக் கம்பி கிடையாது. கட்டிய நாளிலிருந்தே கிடையாது. தபால்காரரிலிருந்து பாதிரியார் வரை, என்னைப் பார்க்க வருகிற எல்லோரும் கீழ்மணியைத்தான் அழுத்துவீர்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "மேல்மணி ஏன் அடிக்க மாட்டேங்குது, ஸீசிஸ்?" என்று கேட்டதுண்டா? கேட்கவில்லை! ஊரின் கருணை அது. கேட்காமல் இருந்தே எங்களை வாழவைத்தீர்கள். கேட்காமல் இருந்தே எங்களுக்கு ஓர் உறவும் தந்தீர்கள். நாங்கள் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்று முதலில் சொன்னது ஸ்டமாத்தியா அக்கா. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரே சொன்னது.

அவருக்கு நெஞ்சுவலி வந்து நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கதவில் ஒரு செவிலி நின்றாள். "உள்ள சொந்தக்காரங்க மட்டும்தான். நீங்க என்ன முறை?"

நான் நின்றேன். விடை தெரிந்தும் கரும்பலகை முன்னால் வாயடைத்து நிற்கும் பையனைப் போல நின்றேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஸ்டமாத்தியா அக்கா கத்தினாள்: "சித்தப்பா மகன்டி! பார்த்தாலே தெரியலை? அதே மூக்கு!"

என் மூக்கைப் பாருங்கள். அவர் மூக்கை நினைத்துப் பாருங்கள். சிரியுங்கள், தப்பில்லை, அவரும் சிரித்தார். மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டுச் சிரித்தார். "வாப்பா, சித்தப்பா மகனே! மேட்டுக்காரங்களை அண்ணன் தம்பி ஆக்கினாங்க, நம்மளைப் பங்காளி ஆக்கிட்டாங்க. நம்ம ஊருக்கு முறை வைக்காம தூக்கம் வராது, ஸீசிஸ்" என்றார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார். "ஒரே பெட்டி" என்றார். "தச்சன்கிட்ட கொஞ்சம் பெரிசா செய்யச் சொல்லு. உனக்குக் கால் நீளம்."

என்ன பெட்டி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் பற்றாது. மூன்று வருடம் ஆனதும் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து, சிவப்புத் திராட்சை மதுவில் கழுவி, பெட்டியில் வைக்கிறோம். அவருடைய பெட்டியில் எனக்கும் இடம் வேண்டும் என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான். அதை என்னால் கொடுக்க முடியவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? அடக்கம் முடிந்து கல்லறை அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் நல்ல பிள்ளை, என்னிடம் வாய்ப்பாடு படித்தவன். "நீங்க பங்காளிதானே சார், சகோதரி சம்மதிச்சா போதும்" என்றான். எவாந்தியா அவர்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார்கள்: "எங்க அப்பாவுக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாதேப்பா. சித்தப்பா ஏது, பெரியப்பா ஏது?"

மருத்துவமனைக் கதவைத் திறந்த பொய் கல்லறைக் கதவைச் சாத்திவிட்டது. இதற்கு நான் யாரை நோவது?

எவாந்தியாவையா? அவர்கள் தம் தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்கள், தம்பியின் எலும்பைத் தாயின் பக்கத்தில் வைப்பதாக. பெற்றவளின் ஆசை சின்ன ஆசையா? சட்டம் அவர்கள் பக்கம். சத்தியமும் அவர்கள் பக்கம். என் பக்கம் இருப்பது ஒரு சொல். அதன் அர்த்தத்தைச் சொல்லத் தெரிந்தவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

எத்தனையோ இரவல் வார்த்தைகளால் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். 'ஒண்டிக்கட்டைக்கு ஒரு துணை போச்சு' என்றீர்கள். நான் ஒண்டிக்கட்டை அல்ல, அன்பர்களே! நான் ஒருநாளும் ஒண்டிக்கட்டையாக இருந்ததில்லை! இப்போதுதான் ஆகியிருக்கிறேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையில் இரண்டு கோப்பைக் காப்பி போடுகிறேன், ஒன்றைக் கொட்டுகிறேன். கீழ்மணி அடித்தால், அவர் திறப்பார் என்று மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இரங்கல் கூட்டத்தின் முடிவில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது மரபு. அவர் பணியை நான் எப்படித் தொடர்வது? எனக்கு அவர் படிப்பு கிடையாது. நகராட்சிப் பலகையை மாற்றும் செல்வாக்கும் கிடையாது. அதனால் என்னால் முடிந்த அளவுக்கு ஒரு சின்னச் சூளுரை. வருகிற வசந்தத்தில், கூட்டிப்போக வாத்தியார் இல்லாத வகுப்பை நான் மேட்டுக்கு நடத்திப் போவேன். பையன் கேட்பான். வகுப்பு சிரிக்கும். அவர் சொன்னதை அப்படியே சொல்வேன்.

இன்னொன்று. எவாந்தியா, ஊருக்கு முன்னால் கேட்பதற்கு மன்னியுங்கள். தனியே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியை நீங்களே கொண்டுபோங்கள். உங்கள் அம்மாவின் பக்கத்திலேயே வையுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். குழி திறக்கும் அன்றைக்குக் கழுவ மட்டும் என்னை விடுங்கள்.

நீங்கள் தலை குனிந்திருக்கிறீர்கள். சம்மதமா, மறுப்பா, எனக்குத் தெரியவில்லை. இப்போது பதில் சொல்ல வேண்டாம். மூன்று வருடம் இருக்கிறது. அந்த நாளில் மதுப்புட்டியோடு கல்லறைத் தோட்ட வாசலில் வந்து நிற்பேன். எழுத்தர் பிள்ளை உள்ளே விடலாம், விடாமலும் போகலாம். "சார், நீங்க என்ன முறை?" என்று கேட்பான், அது அவன் வேலை.

சித்தப்பா மகன் என்று இனி சொல்லமாட்டேன். நண்பர் என்று எழுதிக்கொள்கிறேன் என்றால், எழுதிக்கொள்ளட்டும். நான் இந்தக் கையைக் காட்டுவேன். இதற்கு நான் என்ன முறையோ, அந்த முறை.