ஏழில் வைத்த மனிதர்

எங்கள் வீட்டில் காற்றுக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை. கிழக்கே இரண்டு ஜன்னல், மேற்கே மூன்று. மின்விசிறி போடாமலே காலண்டர் தாள் தானாகப் புரளும். இந்த மருத்துவமனையின் விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூவரும், நான் என்னவோ ஒரு மனிதருக்குக் காற்றே கொடுக்காமல் வைத்திருந்தவள் போலப் பார்ப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு மேலே எத்தனையோ அதிகாரிகள் வந்து போனார்கள். அவர்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்கிறவர் இருந்த வருடங்களில்தான் எங்கள் பிரிவு பாராட்டுக் கடிதம் வாங்கியது. விழிப்பாக இருக்கிறவர் கேள்வி கேட்பார். கேள்வி கேட்டால் கோப்பு நின்றுவிடும்.

வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் குறட்டை விடுவார் என்று சொல்வது, கடலில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று சொல்வது மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை நிலநடுக்கம் என்று நினைத்துப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார். பகலில் நேர்மாறு. நாற்காலியில் உட்கார்ந்த நிமிடமே அவருக்குத் தலை தொங்கிவிடும். நான் ஏதாவது கேட்பேன். தலை மேலும் கீழும் ஆடும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மகள் கல்யாணம், கூடத்துக்குச் சுண்ணாம்பு, என் தங்கை எங்களோடு வந்து தங்கியது என்று எல்லாவற்றையும் முடித்தேன். தங்கமான மனிதர் என்று தெருவே சொன்னது.

அவரை ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பரிசோதித்த டாக்டர்தான் அதைக் கெடுத்தார். "இது வெறும் குறட்டை இல்லம்மா. தூக்கத்துல ஒரு மணிக்கு அம்பத்திரண்டு தடவை மூச்சு நிக்குது. இப்படியே விட்டா இதயம் தாங்காது" என்றார். கட்டில் பக்கத்தில் ஒரு மூச்சுக் கருவி வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து ஒரு குழாய், மூக்கை மூடும் ஒரு மாஸ்க். தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது காற்றை அழுத்தித் தள்ளும். அழுத்தம் பதினான்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

கருவியைப் பொருத்த மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வந்தாள். மரியாதையான பெண். இரண்டு பொத்தான்களை ஒன்றாக மூன்று நொடி அழுத்தினாள். திரையில் வேறொரு பக்கம் திறந்தது. அங்கே பதினான்கை வைத்தாள். "இந்தப் பக்கம் எங்களுக்கு மட்டும்தான். நீங்க தொடக்கூடாதும்மா" என்றாள். நான் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. பார்த்தது மறக்காது, அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் அவர் விழித்துக்கொண்டார். முழுக்க என்று அர்த்தம்.

"இந்தக் கூடத்துக்கு யாரு பச்சை அடிச்சது?"

"பதினோரு வருஷமா பச்சைதாங்க."

"எனக்குப் பச்சையே பிடிக்காதே."

மறுநாள் சாப்பாட்டு மேசையில் என் தங்கையை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் தங்கச்சி எப்ப கிளம்புறா?"

"அவ இங்கதாங்க இருக்கா. ஒன்பது வருஷமாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேன். தலையாட்டினீங்க."

அவர் யோசித்தார். என்னைப் பயமுறுத்தியது அதுதான். விடிவதற்குள் எழுந்து வீட்டிலுள்ள கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். திருட்டுக்கு வசதியாக ஒரு கதவும் சத்தம் போடாமல் போயிற்று. செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படித்து, ஒவ்வொன்றுக்கும் எனக்குக் கருத்துச் சொன்னார். மூன்றாவது வாரம், "நான் யோசிச்சுப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் கேட்டிராத வாக்கியம் அது. "இந்த வீட்டைக் குடுத்துட்டு, கடலோரமா சின்னதா ஒண்ணு பார்த்துக்கலாம். நீயும் நானும் மட்டும்."

நீயும் நானும் மட்டும். அதாவது என் தங்கையை நடுத்தெருவில் விட்டுவிட்டு. அந்த வஞ்சகத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் நடக்கப் போயிருந்தார். மாஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது அந்த நேரத்தில் என் வேலை. கழுவி முடித்து, இரண்டு பொத்தான்கள், மூன்று நொடி. பதின்மூன்று. ஒரே ஓர் எண். காற்றில் கொஞ்சம் குறைத்ததற்கு யாராவது அழுவார்களா?

பன்னிரண்டில் கடலை மறந்தார். பத்தில் கீல்களை விட்டார். ஒன்பதில் செய்தித்தாள் இரண்டாம் பக்கத்தோடு மடியில் சரிந்தது. ஏழில் தலை தொங்கி, மேலும் கீழும் ஆடியது. நான் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் திரும்பி வந்துவிட்டார்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. எப்போதும் ஏழிலேயே வைக்கவில்லை. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் மூன்று நாள் முன்பே பதினொன்று வைப்பேன். வந்தவர்களை நலம் விசாரிப்பார், ஒரு நகைச்சுவைகூடச் சொல்வார். அவர்கள் செருப்பைப் போட்டதும் ஏழு. மாடியறையைத் தங்கைக்கே விட்டுவிட வேண்டியிருந்த வாரம் ஐந்து. டாக்டர் எல்லா நாளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தார். குடும்பம் நடத்தாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

கருவி ஒவ்வொரு நாளும் மூச்சு எத்தனை தடவை நின்றது என்ற கணக்கை மட்டும் தானாகவே மருத்துவமனைக்கு அனுப்பும். அந்தப் பெண் அதைப் பார்த்துக் குழம்பிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டாள். "சார், காத்து எங்கியோ லீக் ஆகுது போல. மீசையை எடுத்தீங்கன்னா மாஸ்க் ஒட்டி உட்காரும்." முப்பத்தெட்டு வருட மீசை. மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எப்படி இருக்கேன்?"

"சின்னப்பிள்ளை மாதிரி இருக்கீங்க."

சிரித்தார். பிறகு வேறு மாஸ்க் வந்தது, தாடையைக் கட்டும் பட்டை வந்தது. அங்கிருந்தபடியே அவள் அழுத்தத்தைப் பதினாறாக ஏற்றினாள். மறுநாள் நான்கு மணிக்கு நான் இறக்கினேன். அவள் ஏற்ற, நான் இறக்க, இரண்டு பொறுப்பான பெண்கள் ஒரே மனிதருக்காக இப்படி உழைத்ததை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

அவருடைய கணுக்கால்கள் வீங்கின. மாடிப்படியில் நான்காவது படியிலேயே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். "இதயம் களைச்சுப்போச்சு. மிஷின் இவருக்கு ஒத்துவரல. தொண்டையில ஆபரேஷன்தான் பண்ணிப் பார்க்கணும்" என்றார் டாக்டர். படிவத்தில் மனைவி என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அது உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கை நடுங்கவில்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பெண் கருவிக்குள்ளேயே இருந்த பதிவை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். எண்ணை மாற்றிய ஒவ்வொரு முறையும், தேதியோடு, மணியோடு. நான்கு பத்து, நான்கு பன்னிரண்டு, நான்கு பத்து. திருத்தினால் தேதி போடு என்று பதினெட்டு எழுத்தர்களை விரட்டியவள் நான். என் திருத்தங்களுக்கு ஒரு பெட்டி தேதி போட்டிருந்தது. நேர்த்தியான வேலை. குறை சொல்ல முடியாது.

அவள் திட்டவில்லை, அழுதாள். "சாருக்கு மணிக்கு நாப்பது தடவை மூச்சு நின்னுருக்கும்மா. தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். பக்கத்தில் படுத்திருந்தவள் நான்தானே. நானும் எண்ணியிருக்கிறேன். எனக்கு நாற்பத்திரண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் திரும்ப மூச்சிழுக்கும்வரை விழித்திருந்துதான் எண்ணினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் மேல் எந்தத் தவறும் இல்லை, அவளுடைய வேலைக்கு ஒன்றும் வரக்கூடாது, எல்லாவற்றையும் தெரிந்து செய்தவள் நான் என்பதையும் சேர்த்து.

அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அவரை இங்கேயே வைத்துக்கொண்டு, திரையைப் பூட்டி, பதினான்கில் ஆறு நாள் தூங்கவைத்தார்கள். ஏழாம் நாள் காலை போய்ப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டுக்கு மேல் நரைமுடி குத்திட்டு நின்றது. ஏன் செய்தாய் என்று கேட்பார், பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"எந்த நம்பர்ல என்னை உனக்குப் பிடிச்சிருந்துது?"

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பொய்க்கணக்கு கொடுத்தவள் இல்லை நான். "ஏழு" என்றேன்.

மாஸ்க்கின் பட்டையை மடித்துக் கருவியின் மேல் வைத்தார். பிறகு வாசலில் நின்ற நர்ஸிடம், "இவங்க கிளம்புறாங்க, கொஞ்சம் வழி காட்டுங்க" என்றார். இவங்க என்றார் என்னை. கருவியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடலோரமாக ஓர் அறை வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

செய்த தவறை மறைக்க நான் இங்கே வரவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஏழு என்று சொன்னது தவறு. பத்து என்று சொல்லியிருந்தால் அவர் மனசு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது. இதய நோயாளி என்று தெரிந்திருந்தும் நான் யோசிக்கவில்லை.