தகரத்தில் மழை

சைஃப்: டிரைவர் பையா, ஏசி தோடா கம் கரோ... குளிருதா லாத்தா?

உமைரா: இல்லல தம்பி. ஏர்போர்ட்ல ஏறுனதுல இருந்து மூணு தடவ கேட்டுட்ட. உம்மா எப்படி இருக்கு?

சைஃப்: இருக்கு... மாத்திர போட்டுட்டுத் தூங்கும். நீ சொல்லு. அந்த கெரகத்துல ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?

உமைரா: சிலி நாட்டு மலைல உக்காந்து ஏழு நாளு டெலஸ்கோப்புல பாத்தாச்சு. தண்ணியும் இல்ல, உசிரும் இல்ல. வெறும் தூசி.

சைஃப்: தூசி பாக்கவா அவ்ளோ தூரம் போன? நம்ம தாராவிலயே இருக்கே.

உமைரா: உம்மா மாதிரியே பேசுத. தெனம் காலைல அதுட்டருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துரும். "சாப்பிட்டியா? அங்க யாராச்சும் இருக்காவளா?"

சைஃப்: ம்... ஒரு நாள்கூட விடல.

உமைரா: என் வேல என்னன்னு தெரியும்லா?

சைஃப்: வேற எங்கயாச்சும் உசிரு இருக்கான்னு தேடுறது.

உமைரா: பதினஞ்சு வருசமா நான் தேடுனத விட, சிக்னல்ல இருந்து எரைச்சலப் பிரிச்சுப் பாத்ததுதான் ஜாஸ்தி. நாலாம் நாள்ல இருந்து, உம்மா பேசுறதுக்குப் பின்னால தகரத்துல மழ பெய்யிது சைஃப்.

சைஃப்: மழதான... பெஞ்சிருக்கும்.

உமைரா: பம்பாய்ல ஜனவரில எங்கல மழ?

சைஃப்: லாத்தா... அது வந்து...

உமைரா: வீட்டுக்கு வேண்டாம். டாக்சிய கபர்ஸ்தானுக்கு விடச் சொல்லு.

சைஃப்: பொம்பளைங்கள உள்ள விட மாட்டாங்க.

உமைரா: கேட்டுக்கு வெளிய நின்னுக்கிடுதேன். எப்ப மவுத்தாச்சு?

சைஃப்: நீ பாக்க ஆரம்பிச்ச மூணாம் நாளு... லுஹர் தொழுகைக்கு முன்னாடி. அன்னைக்கே அடக்கிட்டோம்.

உமைரா: பழைய மெசேஜா எடுத்து அனுப்புன?

சைஃப்: பழசு இல்ல, இதுக்குன்னே பேசி வச்சது. போன ஜூலைல உனக்கு டெலஸ்கோப்புல ஏழு நாளு கெடச்சுதுல்லா, அதே வாரம்தான் டாக்டர் உம்மாட்ட இனி ரொம்ப நாளு இல்லன்னு சொல்லிட்டாரு. மறுநாளே அடுப்படில உக்காந்து, ஏழு நாளைக்கு ஏழு பேசி என்ட்ட குடுத்துருச்சு. வெளிய நல்ல மழ...

உமைரா: என்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே... ஏன்ல?

சைஃப்: வாப்பா மவுத்தானப்ப டெலஸ்கோப்புல பாக்குறத பாதில விட்டுட்டு ஓடி வந்த. வந்தும் மொகம் பாக்கல. அப்புறம் நாலு வருசம் உனக்கு டெலஸ்கோப் தரல. "இந்த வாட்டி அவ பாத்து முடிக்கட்டும்"னுச்சு. நீயும் தெனம் பதில் போட்ட. நம்பிட்டன்னு நெனச்சேன்.

உமைரா: பதில் போட்டாத்தான அடுத்தத அனுப்புவ.

சைஃப்: அப்ப... தெரிஞ்சேதான் இருந்தியா?

உமைரா: மொத மழயிலயே... சைஃப், மிச்சம் ஏதும் இருக்கா?

சைஃப்: மூணு இருக்கு லாத்தா. மொத மூணு நாளும் உம்மாவே பேசிட்டுல்லா.