கோழியின் குலவரலாறு கூறிய கனகலட்சுமி அம்மையாருக்கு

விலங்கியல் வகுப்பின் விளக்கே! எலும்பில் ஏடு படித்த எம் ஆசிரியப் பெருந்தகையே! கொக்கரிக்கும் கோழிக்கும் கோரப்பல் விலங்குக்கும் கொடிவழி கண்ட குணக்குன்றே! வணக்கம்.

முப்பதாண்டுக்கு மேல் இராஜபாளையத்தில் பணியாற்றி விடைபெறும் தங்களைப் பாராட்டும் பொறுப்பை, ஓய்வுபெற்ற பின்னும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தயவில் தமிழ் நடத்திவரும் சோலைச்சாமியாகிய என்னிடம் ஆசிரியர் குழு ஒப்படைத்தது. வேறு யாராவது எழுதலாமே என்றேன். யாரும் முன்வரவில்லை.

அம்மையீர்! தாங்கள் வருமுன், மதிய உணவு வேளையில் ஆசிரியர் அறை என் பேச்சுக்கு மட்டுமே செவிசாய்த்தது. கூமாப்பட்டியில் என் சேவல் ஒரு சிறுத்தையை மலையுச்சி வரை துரத்திய உண்மை வரலாற்றை ஆண்டுதோறும் சொல்வேன், ஆண்டுதோறும் வாய்பிளப்பார்கள்.

பதவி உயர்வு பெற்றவர் நாட்டுக்கோழி விருந்து வைப்பது நம் பள்ளி வழக்கம். உடற்கல்வி ஆசிரியர் ரத்தினம் வைத்த விருந்தில்தான் என் வீழ்ச்சி தொடங்கியது. "எலும்பக் கடிச்சிராதீக சார், முழுசா இங்கிட்டுக் குடுங்க" என்று இலை இலையாகச் சேகரித்தீர்கள். கழுவி மேசையில் அடுக்கினீர்கள். கழுத்தடியில் கவட்டை போல ஒன்றுசேர்ந்த காறை எலும்பு, காற்றறை கொண்ட எலும்பு, காலில் முன்னோக்கிய மூன்று விரல்கள், பக்கவாட்டில் மடங்கும் மணிக்கட்டு! இரண்டு காலில் நடந்து இறைச்சி தின்ற டைனோசர்களிடமும் இவற்றைக் காணலாம், சிலவற்றுக்கு இறகுகூட இருந்தது, அந்த வம்சத்தில் பிழைத்து வந்தவைதான் பறவைகள் என்று முடித்தீர்கள். நான் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். தாங்கள் சொன்னபோது ரசம் ஆறியதுகூடத் தெரியாமல் கேட்டார்கள்.

உடனே என் சேவலை நினைவூட்டினேன். ரத்தினம் விரலை நக்கிக்கொண்டே, "அப்ப அந்தச் சிறுத்த ஓடுனதுல என்னய்யா அதிசயம்? டைனோசரு வெரட்டுனா எதுதான் ஓடாது?" என்றார். ஒரே பேச்சில் என் அதிசயம் அன்றாடச் செய்தியாகிவிட்டது.

பொறாமையா என்று கேட்கிறார்கள். வேறென்ன? தங்களிடம் படித்த மாரீஸ்வரி கால்நடை மருத்துவராகி, கோழிக்கு ஊசி போடும்போதெல்லாம் தங்கள் பெயரைச் சொல்கிறாராம். என்னிடம் படித்தவர்கள் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும்போதுகூட என்னை நினைப்பதில்லை. பொய்யைவிடப் பெரிய மெய்யைக் கையில் வைத்துக்கொண்டு போட்டிக்கு வந்தீர்கள், அது முறையா?

ஆகவே தாங்கள் ஓய்வுபெறும் செய்தி கேட்டு உள்ளம் குளிர்ந்தேன். நேற்றே மேசையைத் தட்டி, நம் ஊர் நாயொன்று செங்கோட்டை ரயிலை முந்திய கதையை எடுத்தேன். சத்துணவு சமைக்கும் வெள்ளத்தாய் கரண்டியும் கையுமாக வாசலில் நின்று, "அந்த நாயோட எலும்பு ஏதும் இருக்கா ஐயா?" என்றார். அறை முழுவதும் என் பதிலுக்குக் காத்திருந்தது. இப்படிப் பழக்கிவிட்டுப் போகிறீர்களே, அம்மையீர்!

இனி ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டிலிருந்து, ஞாயிறுதோறும் தெருப்பிள்ளைகளுக்கு எலும்புப் பாடம் நடத்தப்போவதாகக் கேள்வி. கண் மங்காமல், கால் தளராமல், நோய் அண்டாமல் நூறைத் தாண்டியும் நடத்துங்கள்! பின்வரிசையில் எனக்கோர் இருக்கை போட்டு வையுங்கள். பாடம் கேட்க அல்ல; எத்தனை தலை வந்திருக்கிறது என்று அங்கிருந்து எண்ணிப் பார்க்க.

இங்ஙனம்,
அன்பு மாறா ஆசிரியர்களும் அலுவலர்களும்,
அவர்களுள் ஒருவனாகச் சோலைச்சாமியும்,
இராஜபாளையம்.