கோடிச் சேட்டு

— அம்மா, அந்தச் சேட்டில மஞ்சள் பூசாதேங்கோ. குடுங்கோ, நான் மெஷினில போட்டுத் தாறன்.

— உனக்கென்ன விசரோ யதுசா? தோய்ச்சாப் பிறகு அது கோடியோ? நாளைக்குக் காலமை சவப்பெட்டிக்காரர் உடுப்புக் கேட்டு வருவினம். கொப்பாவைக் கடைசியிலயும் பழந்துணியோடை அனுப்பச் சொல்லிறியோ?

— அப்பா பழசுதானே விரும்பிப் போட்டவர்.

— அதைச் சொல்லு. பதினெட்டு வருசமா, தீபாவளிக்குத் தீபாவளி, அயன் பண்ணத் தேவையில்லாத சேட்டாப் பாத்து வாங்கிக் குடுத்தன். வேலையால களைச்சு வாற மனுசன், கசங்காமல் நிக்கட்டுமெண்டு. ஒரு நாள் போடுவார். அடுத்த நாள் அலுமாரிக்குள்ளை. பிறகு பழைய உடுப்புக் கடையில, எந்த ஜேர்மன்காரன் போட்டுக் கழிச்சதோ, அதைக் கொண்டந்து கொழுவுவார். இந்த வுப்பர்டால் ஊர் முழுக்க என்னைப் பாத்துச் சிரிச்சது.

— அவர் கஞ்சன் எண்டு சியாமளா அன்ரிக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள்.

— வேறை என்னத்தைச் சொல்ல? நான் வாங்கினது அவருக்கு அருவருப்பு எண்டோ?

— அம்மா, ஒண்டு சொல்லோணும். இருங்கோ.

— நிண்டுகொண்டே கேக்கிறன். சொல்லு.

— ரெண்டாயிரத்தி ரெண்டில, எனக்குப் பதின்மூண்டு வயசு. தோல் டொக்டரிட்டை ஒரு தெர்மின், நேரம் குறிச்சுத் தந்தவை. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். முதுகு முழுக்கச் சின்னச் சின்னத் துண்டு ஒட்டிப் பாத்தவை. கசங்காமல் நிக்கத் துணியில ஒரு மருந்து அடிக்கிறவையாம். அதுதான் அப்பாவுக்கு அலர்ஜி. புதுசெண்டால் மூண்டு தரமாவது தோய்ச்சுப்போட்டுத்தான் போடோணும், பழசெண்டால் இன்னும் நல்லம் எண்டு டொக்டர் சொன்னவர்.

— அப்ப அந்தக் கழுத்தில, கக்கத்தில தடிச்சுச் சிவக்கிறது?

— ஓம்.

— ஃபக்டரித் தூசு எண்டெல்லோ சொன்னவர்.

— உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். "கொம்மா மஞ்சள் பூசி ஆசையாத் தாறவ. அதைத் தோய்ச்சுத் தா எண்டு எந்த வாயால கேக்கிறது? வருசத்தில ஒரு நாள்தானே, கடிச்சால் கடிக்கட்டும்" எண்டவர்.

— அவற்ரை நீலச் சேட்டு எங்கை? அந்தப் பழசு. அதைக் கொண்டா.

— அதை நீங்கள்தானே போன கிழமை கிழிச்சு நிலம் துடைக்க வைச்சனீங்கள்.

— ஓம். முந்தநாளும் அதாலதான் குசினி துடைச்சன். அவர் பாத்துக்கொண்டு நிண்டவர்.

— அழாதேங்கோ அம்மா. விடுங்கோ, இதையே மஞ்சள் பூசிக் குடுப்பம். இனி அவருக்குக் கடிக்காதுதானே.

— மூண்டு தரம் எண்டவரோ அந்த டொக்டர்?

— ஓம்.

— மெஷினில நாலு தரம் போடு.